சான்றுப் பொருள் நானூற்றுப் பதினேழு

படிவத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?

நான் வாசலுக்கு வலது பக்கம் கையைக் காட்டினேன். "இங்கதான் இருக்காரு."

அது பொய் இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் நான் கை நீட்டியதுதான் காரணம் என்று என் சக்களத்தி அகேயோ இன்றுவரை சொல்கிறாள். சில நாட்களில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் கணவர் ஒபூயா ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு மலர்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாக்களை நீளவாரியாகப் பிரித்துக் கட்டுவது வேலை. தேர்தல் முடிவு அறிவித்த வாரம், அவர் தங்கியிருந்த வரிசை வீடுகளுக்கு லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தீ வைத்தார்கள். கூட வேலை செய்தவர்களில் சிலர் ஊர் திரும்பினார்கள். ஒபூயாவைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தோம்.

பிறகு அவருடைய அண்ணன் ஒகுட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். "போதும் அலுவோச். தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவோம்" என்றார்.

உடல் கிடைக்காத ஆளை எங்கள் மக்கள் யாகோக் காயாகத்தான் வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். ஆற்றங்கரையில் அந்த மரம் இருக்கிறது. கயிறு கட்டித் தொங்கவிட்டது போல ஒவ்வொரு காயும் நீளக் காம்பில் தொங்கும். பெரிய சுரைக்காய் அளவு, மரக்கட்டை மாதிரி கனம். நான்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு சாணும் நாலு விரலும் நீளம். காம்புக்குக் கீழே மூடிய கண் மாதிரி ஒரு வடு. கற்றாழை நாரை வலது தொடையில் வைத்து உருட்டிக் கயிறு திரித்து நானே கட்டினேன். காளை அடித்து, நாலு நாள் அழுது, வாசலுக்கு வலது பக்கம், ஆண்களைப் புதைக்கிற பக்கத்தில், புதைத்தோம். காய் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. மண் மூடிய பிறகு அது ஒபூயா. காலையில் கதவைத் திறந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். உயிரோடு இருந்தபோது அவரிடம் அவ்வளவு பேசியதில்லை.

மூன்றாம் வருஷம் அந்த நீதிமன்றம் வந்தது. நீதிமன்றம் இருப்பது கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில். வந்தது இரண்டு வெள்ளை வண்டிகள், விசாரணை அதிகாரி பெத்ரா என்கிற வெள்ளைக்காரப் பெண், மொழிபெயர்க்க நகரத்திலிருந்து ரோஸ்லின், அப்புறம் பதினேழு பக்கப் படிவம். லாரிகளை அனுப்பியது அமைச்சர் ஒருவர் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். எங்களுக்கு அது முன்பே தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது படிவத்தில் இல்லை.

அன்றைக்கு எங்கள் அரசாங்கம் ஒத்துழைக்கும் அரசாங்கமாக இருந்தது. ஆகவே எங்கள் பகுதி அதிகாரியான சீஃப் மகாக், காக்கி உடுப்பும் தொப்பியுமாகக் கூடவே வந்து பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. நாம ஒத்துழைக்கிற நாடு. அவங்க தோண்டச் சொன்னா தோண்டுவோம். மூடச் சொன்னா மூடுவோம். எதுக்குன்னு கேக்கிறது ஒத்துழைப்பு ஆகாது."

கூடாரம் போட்டார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டவர்கள் ஆறு பேர். என்னையும் அகேயோவையும் மஞ்சள் நாடாவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மண்ணைக் கரண்டியால் எடுத்து, சல்லடையில் போட்டு, பிறகு சின்னச் சின்ன பிரஷ்ஷால் தட்டினார்கள்.

"அக்கா, அவருக்குப் பல்லு வேற வெளக்கி விடுவாங்க போலிருக்கு. உயிரோட இருந்தப்ப நாம சொல்லிக் கேட்டாரா?" என்றாள் அகேயோ.

இரண்டாம் நாள் மத்தியானம் கூடாரத்துக்குள் சத்தம் நின்றது. பெத்ரா வெளியே வந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். ரோஸ்லின் மொழிபெயர்த்தாள். "உள்ள இருக்கிறது என்னன்னு கேக்கறாங்க."

"ஒபூயா" என்றேன்.

ரோஸ்லின் அதை அப்படியே சொன்னாள். பெத்ரா திரும்பவும் கேட்டாள். நான் திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறை ஒகுட்டு குறுக்கே வந்து, ஆற்றங்கரை, மரம், காளை எல்லாவற்றையும் விளக்கினார். பெத்ரா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டாள். வெள்ளை உடுப்புக்காரர்களில் ஒருவர் டாக்டர். அவருடைய தாளில் கட்டங்கள் இருந்தன. முழு உடல், உடற்பகுதி, எலும்பு, சாம்பல், பிற. அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, 'பிற' என்பதில் குறி போட்டார். பக்கத்தில் 'நீளம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், வயது வந்தவர்' என்று எழுதியதாக ரோஸ்லின் சொன்னாள்.

"நீ எங்க சனம்தானே. தோண்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவளைத் தனியே கேட்டேன்.

"சொல்லக் கூடாதும்மா. நீங்க சொன்னத மட்டும்தான் சொல்லணும். என் பங்குக்கு ஒரு வார்த்தை சேத்தா வேலை போயிடும். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்." அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "எங்க பெரியப்பாவும் யாகோதான்."

அவரைத் திரும்ப வைத்து மூடிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பெத்ரா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பொய் இல்லை. மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் அது சான்றுப் பொருள் ஆகிவிடுகிறது, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மண் கையெழுத்துப் போடாது என்றாள். குழியையும் மூடக் கூடாது, அதுவும் சான்று. வழக்கு முடிந்ததும் திருப்பித் தருவோம், அதுவரை பொறுத்திருங்கள், பாதிக்கப்பட்டவர்கள்தான் எங்கள் வேலையின் மையம் என்றாள். ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தாள். சான்றுப் பொருள் 417.

அதே மாதத்தில் இன்னும் ஆறு ஊர்களில் தோண்டினார்கள். ஆறு குழியிலும் யாகோதான் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அதே போலக் கூடாரத்துக்குள் சத்தம் நின்றதாம்.

வண்டிகள் போன பிறகு ஒகுட்டு குழி விளிம்பில் நின்று பார்த்தார். "இது தெறந்திருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல வெதை போடக் கூடாது" என்றார்.

மூத்தவள் முதலில் விதைக்க வேண்டும். என் கையால் முதல் சோளம் மண்ணில் விழுந்த பிறகுதான் இளையவள் விதைக்கலாம். நான் விதைக்கக் கூடாது என்றால் அகேயோவும் விதைக்க முடியாது. அவளுக்கு நாலு குழந்தைகள். எனக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. பட்டினி யார் பக்கம் சாயும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

"வேற ஒரு காய் பறிச்சுப் போட்டு மூடிட்டா?" என்று அகேயோ ஒகுட்டுவிடம் கேட்டாள்.

"ஏண்டி, ஒருத்தன எத்தனை தரம் பொதைப்ப? அவன் அங்க பெட்டியில இருக்கான். இங்க இன்னொருத்தனப் போட்டா ரெண்டு ஒபூயா ஆயிடும். நீங்க ரெண்டு பேரு இருக்கீங்களேன்னு ஆளுக்கொருத்தனா?"

"ஒருத்தரோட பட்டதே போதும் மாமா" என்றாள் அகேயோ.

முதல் பருவ மழை வந்து போனது. பக்கத்து வயல்களில் சோளம் இடுப்பளவு நின்றபோது எங்கள் வயலில் கோரை நின்றது. அகேயோ ஏரிக்கரையில் பொடிமீன் வாங்கிச் சந்தையில் விற்றுக் குழந்தைகளுக்கு உகாலிக் களி கிண்டினாள். எனக்கும் ஒரு உருண்டை வைப்பாள். வைக்கும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பாள். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் பசியில்லை என்று சொல்லிவிடுவேன். பிறகு அவளுடைய கடைசிப் பிள்ளை மிச்சம் வைத்த தட்டை வழித்துத் தின்பேன். மனுஷி தன்னைப் பற்றிப் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க அது நல்ல வழி.

வழக்கை ரேடியோவில் கேட்டோம். சீஃப் அலுவலக வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தீ, லாரி, வரிசை வீடு எல்லாம் முதல் வாரத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாமே காய்தான்.

அமைச்சரின் வழக்கறிஞர் வெளிநாட்டவர். நிதானமான குரல். "கனம் நீதிபதிகளே, என் கட்சிக்காரர் ஏழு பேரைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். அந்த ஏழு பேரும் மேசைமேல் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக் கூட மூச்சுக்குழாய் இல்லை" என்றார்.

குற்றம் சாட்டிய தரப்பு சும்மா விடவில்லை. மர நிபுணர் ஒருவரை வரவழைத்தது. அவர் இரண்டு நாள் பேசினார். இந்த மரத்தின் பூவை வௌவால்தான் மகரந்தம் சேர்க்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைமை நீதிபதி ஒரு சந்தேகம் கேட்டார். சம்பவ நாளன்று இந்தக் காய் மரத்தில் இருந்ததா? நிபுணர் காம்பைச் சோதித்துவிட்டு, அப்போது அது பூவாகக் கூட இருந்திருக்காது என்றார். அப்படியானால் சம்பவத்தின்போது இவர் பிறக்கவே இல்லை என்று வழக்கறிஞர் எழுந்து சொன்னார். தேநீர் இடைவேளை விட்டார்கள். ஏழு பேரையும் மேசையிலிருந்து எடுத்து, இடைவேளை முடிந்து திரும்ப வைத்தார்கள் என்று ரேடியோக்காரர் விடாமல் சொன்னார்.

சாட்சிகள் ஒவ்வொருவராக மறக்க ஆரம்பித்தார்கள். லாரி நம்பரை எழுதி வைத்திருந்தவருக்கு நில அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் எண்களே மறந்துவிட்டன. ஒருவர் மறக்க மாட்டேன் என்றாராம். அவர் இப்போது எங்கே என்று அவர் வீட்டாருக்கே தெரியாது. அந்த வீட்டுக்கும் ஒரு காய் தேவைப்படும்.

இரண்டாம் பருவத்துக்கு முன்னால் அமைச்சர் எங்கள் பக்கம் வந்தார். தன்னைக் கடல் தாண்டி அலைக்கழிக்கிறார்கள் என்று மக்களிடம் முறையிடும் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று சீஃப் ஆள் அனுப்பினார். நான் போனேன். வண்டிகளின் முன்னால் யாகோக் காய்களைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள்.

"என் மேல என்ன குத்தம்?" என்று அமைச்சர் கேட்டார். நல்ல கணீர் குரல். "ஏழு காய். ஏழே ஏழு. உங்க வீட்டு ஆடு ஒரு நாளைக்கு அதைவிட அதிகமாத் தின்னும். நான் கேக்கறேன், நான் செய்யணும்னு நெனச்சிருந்தா ஏழோட நிறுத்தியிருப்பேனா? என் ஆளுங்க வேலையப் பாதியில விட்டுட்டு வர்றவங்களா? ஒரு லாரிக்கு எத்தனை பேரு ஏறலாம்னு தெரியாதவனா நான்?"

கூட்டம் சிரித்தது. சீஃப் மகாக் கைதட்டினார். "ஆப்பிரிக்கக் காயைக் கூட விட்டு வைக்காம தூக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம மண்ணுல விளைஞ்சது. இது அவமானமா இல்லையா?" என்றார் அமைச்சர். அவமானம் என்று கூட்டம் சொன்னது. நானும் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி.

அதற்கு முன்னால், ஆடு தின்னும் என்று அவர் சொன்னபோது, எனக்கும் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வந்தது வந்ததுதான். யாருக்கும் தெரியாத அந்தச் சிரிப்பை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை.

அடுத்த மாதம் கண்டத்துத் தலைவர்கள் எல்லாம் கூடித் தீர்மானம் போட்டார்கள். பதவியில் இருக்கிறவர்களை அந்த நீதிமன்றம் தொடக் கூடாது. பதவியில் இல்லாதவர்களைத் தொடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் அப்படி யாரும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் அரசாங்கம் ஒத்துழைக்காத அரசாங்கம் ஆனது.

சீஃப் மகாக் அதே காக்கி உடுப்பில் வந்து அதே இடத்தில் நின்று பேசினார். "எல்லாரும் கேளுங்க. நாம ஒத்துழைக்காத நாடு. எதுக்குன்னு கேக்கிறது..." கொஞ்சம் யோசித்தார். "இப்பவும் கேக்கக் கூடாது."

"குழியை மூடிக்கலாமா சீஃப்?" என்றேன்.

"எந்தக் குழி? அவங்க தோண்டினதா? அத நாம மூடினா அவங்க தோண்டினத ஒத்துக்கிட்டதா ஆயிடுமே வீட்டம்மா."

வழக்கு முடிந்த நாளில் தலைமை நீதிபதி மூன்று மணி நேரம் வாசித்தார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. குற்றம் நடக்கவில்லை என்பதும் நிரூபிக்கப்படவில்லை. ஏழு பேரும் இறந்தது உறுதியாகவில்லை. அவர்கள் உயிரோடிருப்பதாகவும் நீதிமன்றம் கருதவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை நீதிமன்றம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பத்தியில் ஆழ்ந்து கவனத்தில் கொள்கிறது. நான் அந்தப் பத்தி வரும்வரை காத்திருந்தேன். வந்தது. ஒரு வாக்கியம். அது முடிவதற்குள் ஒலிபெருக்கியில் காக்கா வந்து உட்கார்ந்தது.

இனி பொருளைத் திருப்பித் தருவதில் தடையில்லை என்று பெத்ராவிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு விதி மட்டும் இருந்தது. நீதிமன்றம் எதையும் தனி மனிதர் கையில் கொடுக்காது. அரசாங்கம் கேட்டு வாங்க வேண்டும்.

அகேயோ எனக்குத் தன் நல்ல செருப்பைக் கொடுத்தாள். மினி பஸ்ஸில் தலைநகரம் போனேன். அமைச்சகத்தில் நாலு மாடி ஏறி இறங்கி, நியாமு என்கிற அதிகாரியின் அறைக்கு அனுப்பப்பட்டேன். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

"எந்த நீதிமன்றம்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு நாங்க இப்ப எடுத்துக்கிறதில்லம்மா."

"கடிதம் வந்திருக்கே, ஐயா."

மேசையில் வைத்தேன். அவர் முழுக்க வாசித்தார். பிறகு பென்சில் நுனியால் அதைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். "நான் இதப் பாக்கல. ஆனா, பாக்காத கடிதத்துல ரெண்டாவது பத்தியில தேதி தப்பா இருக்கு, அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடுவாங்களாம். குழி மூணு வருஷமாத் தெறந்து கெடக்கு. வெதைக்க முடியல. சின்னப் புள்ளைங்க இருக்கு."

"புரியுதும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாங்க கேட்டு வாங்கிட்டா, அவங்க கொண்டு போனது முறையாப் போச்சு, திருப்பிக் குடுத்ததும் முறையாப் போச்சு. வாங்காம இருக்கிற வரைக்கும்தான் அது திருட்டு. அது திரும்பி வராம இருக்கிறதுலதான் நாட்டோட மானம் இருக்கு."

"அப்ப என் புருஷன்?"

"உங்க புருஷன் அங்க நாட்டுக்காக இருக்காருன்னு நெனச்சுக்குங்க. எல்லாருக்கும் கெடைக்கிற பாக்கியமா?" சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "அதுவும் இல்லாம, அது இத்தனை வருஷம் வெளிநாட்டுல இருந்த காய். நோய் எதுவும் இல்லைன்னு செடித் துறை சான்று வேணும். காய் இல்ல, மனுஷன்னு சொன்னீங்கன்னா இறப்புச் சான்று வேணும். அதுக்கு உடல் வேணும். எதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்."

படியிறங்கும்போது, நான் முடிவு பண்ணாததுதான் பிரச்சினை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

ஊர் திரும்பினதும் அகேயோ என் முகத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "வாரு அறுந்துடுச்சா?"

"ஆமா."

"மூணு வருஷத்துல ஆறு பருவம் போச்சுக்கா. அடுத்ததும் போச்சுன்னா புள்ளைங்களக் கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உன் மேல கோவம் இல்ல. ஆனா போயிடுவேன்."

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் குழியும்தான் இருப்போம். தனியாக இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோழிகளோடு பேசுவார்கள். எனக்குக் கோழியும் இல்லை. காலியான குழியோடு பேசலாமா என்று ஒரு காலையில் முயன்று பார்த்தேன். உள்ளே தவளை இருந்தது. அது என்னை விடப் பெரிய குரலில் பதில் சொன்னது.

பிறகு ஒன்று நடந்தது. அதற்கு நான் காரணமில்லை. அமைச்சர் இன்னும் பெரிய பதவிக்கு வந்தார். பெரிய பதவியில் இருப்பவர்கள் வெளிநாடு போக வேண்டியிருக்கும். அங்கே கைகுலுக்க ஆள் வேண்டும். அந்த நீதிமன்றத்துக்கோ ஆண்டறிக்கை எழுத வேண்டும். அதில் ஒரு நல்ல படம் வேண்டும். ஆகவே இருதரப்பும் சேர்ந்து ஏழு பொருள்களையும் வீடு திரும்ப வைக்கும் விழாக்கள் நடத்துவது என்று முடிவானது. ஊருக்கு ஒரு விழா. எங்கள் ஊர் கடைசி, ஏழாவது.

"எல்லாரும் கேளுங்க" என்றார் சீஃப் மகாக். "நாம ஒத்துழைக்கிற நாடு."

விழா அன்று காலையிலிருந்து ஏரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் பெரியவர்களுக்கு நாற்காலி. நான் மையம் என்பதால் என்னைப் பந்தல் கம்பத்தை ஒட்டி நிறுத்தினார்கள். படத்தில் அப்போதுதான் எல்லாரும் வருவார்களாம்.

பெத்ரா பேசினாள். அவளுக்குப் பதவி உயர்ந்திருந்தது. "நீதி தாமதமாகலாம், ஆனால் எங்களிடம் எதுவும் தொலைவதில்லை. ஆறு ஊர்களில் ஆறு பெண்கள் தங்கள் பொருளை அடையாளம் கண்டு, மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள்."

அமைச்சர் பேசினார். "இன்னைக்கு ஒரு ஆப்பிரிக்கன் வீடு திரும்பறான். அவனை யாரு வீட்டை விட்டு வெளிய கொண்டு போனாங்கங்கிற பழங்கதை நமக்கு வேண்டாம். அத நான் அப்பவே மறந்துட்டேன். நீங்களும் மறந்துடணும். மறக்காதவங்கள எனக்கு ஞாபகம் இருக்கும்."

கைதட்டல். பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் ஒரு மேசையில் வைத்தார்கள். பலகையில் 417 என்று இருந்தது. ரோஸ்லின் படிவத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். மூடியைத் திறந்தார்கள்.

கறுத்து, உலர்ந்து, பஞ்சில் படுத்திருந்தது. நான் விரல் வைத்து அளந்தேன். இரண்டு சாண், ஏழு விரல். காம்புக்குக் கீழே வடு இல்லை. கயிறு இருந்தது. அதன் முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. இடது தொடையில் வைத்து உருட்டினால்தான் நார் அப்படித் திரியும். முடிச்சும் இடது கை முடிச்சு. இறுக்கி, இறுக்கி, மூன்று தரம் போட்டிருந்தாள் யாரோ. அவிழ்ந்துவிடக் கூடாது என்று பயந்து போட்டவள்.

"பொருளை அடையாளம் காண்கிறீர்களா, ஆம், இல்லை" என்று ரோஸ்லின் படித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது.

"இல்லைன்னா என்ன ஆகும்?" என்றேன்.

அவள் உதடு அசையாமல் பேசினாள். கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விதியை அன்றைக்கு மீறினாள். "புதுசா விசாரணை வரும்மா. எங்க மாறிச்சுன்னு பாக்கணும். மூடின ஆறையும் திரும்பத் தோண்டணும்."

ஆறு வீடுகள். ஆறு வாசல்கள், ஆறு வயல்கள். அவற்றில் ஒன்றில் ஒபூயா படுத்திருக்கிறார். மூடிய கண் மாதிரி வடுவோடு இருந்த அவரைப் பார்த்து, ஒருத்தி 'ஆம்' என்று சொல்லியிருக்கிறாள். அளந்திருப்பாள். தெரிந்திருக்கும். அவளுக்கும் மழைக்கு முன்னால் விதைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஒகுட்டு வந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். மரத்திலிருந்து இறக்கினது அவர். பிறகு அவர் பார்வை பெட்டிக்குள் போகாமல் பெட்டியின் ஓரத்திலேயே நின்றது. "வந்துட்டான்" என்றார்.

அகேயோ எனக்குப் பின்னால் நின்றாள். இடுப்பில் கடைசிப் பிள்ளை, கையில் கூடை. கூடையில் விதைச் சோளம். விழாவுக்கு வரும்போதே எடுத்து வந்திருந்தாள். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். பிறகு, "மேகத்தப் பாருக்கா."

நான் 'ஆம்' என்பதில் குறி போட்டேன். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்தார்கள். அமைச்சர் என் தோளில் கை வைத்தார். கனமான, வெதுவெதுப்பான கை. படத்தில் நான் சிரிப்பது போல இருக்கும் என்றார்கள். இருக்கலாம்.

அன்று மத்தியானமே புதைத்தோம். தவளையை அகேயோ முறத்தில் ஏந்தி வெளியே விட்டாள். இரண்டாம் முறை அழுகை வராது என்று நினைத்தேன். வந்தது, யாருக்கு என்று தெரியாமல் வந்தது. மண் மூடினதும் நேராக வயலுக்குப் போனோம். முதல் குழியில் நான் மூன்று மணி சோளம் போட்டேன். நான் நிமிர்வதற்குள் அகேயோ அடுத்த வரிசையில் பாதி தூரம் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் சோளம் நன்றாக வந்தது. அறுப்பு முடிந்து ரோஸ்லின் ஒரு புதுப் படிவத்தோடு வந்தாள். நீதிமன்றத்தின் சேவையில் திருப்தியா என்று அறிய. ஆறு பக்கம். நாலாம் பக்கத்தில் பழைய கேள்வி இருந்தது. இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?

நான் வாசலுக்கு வலது பக்கம் கையைக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். அவள் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் இப்போதும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஒபூயா என்று கூப்பிட வாய் வருவதில்லை. எந்த ஊர், என்ன வேலை, தேநீரில் சர்க்கரை போட்டுக் குடிப்பாரா, எதுவும் தெரியாது. இதையெல்லாம் ஒபூயாவைப் பற்றி அந்தப் பெண்ணும் யோசிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை.

இங்கே படுத்திருப்பவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் மனைவி இடது கைக்காரி.